கோடு வரைந்த மதியங்கள்

திருப்பூரில் நட்டநடு மதியத்தில் தெருவில் நடந்துபோகிறவர்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். உடம்புக்கு முடியாதவராக இருக்க வேண்டும், அல்லது கம்பெனியிலிருந்து நின்றவராக இருக்க வேண்டும். மற்ற எல்லோரும் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு தகரக் கூரைக்குக் கீழே மெஷின் முன்னால் இருப்பார்கள். நான் அந்த ஊருக்குப் போன புதிதில் தினமும் அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு நடந்துபோனேன்.

ஊரின் விளிம்பில் இருந்த ஒரு கல்லூரியில் எனக்கு வேலை. இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களில் பாதிப் பேர் மதியத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் என்பதால் காலையில் சீக்கிரம் தொடங்கி, சாப்பாட்டு நேரத்தில் கல்லூரியை முடித்துவிடுவார்கள். மற்ற ஆசிரியர்கள் உள்ளூர்க்காரர்கள். மணி அடித்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிடுவார்கள். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு இடம் தேடி அலைந்து, கிடைக்காமல், இந்த வேலைக்கு வந்தேன். ஊரில் ஒரு கல்யாணப் பேச்சு முக்கால்வாசி வந்து நின்றுபோயிருந்தது. கொஞ்ச நாள் அவள் தள்ளி இருக்கட்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை பிடித்திருந்தேன். வரிசையாக வீடுகள், நடுவில் நீளமான முற்றம், கடைசியில் எல்லோருக்குமான தண்ணீர்த் தொட்டி. குடியிருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். சாத்தூர், சங்கரன்கோவில், விளாத்திகுளம். குடும்பத்தோடு வந்து கம்பெனிகளில் வேலை செய்தார்கள். பேச்சைக் கேட்டால் ஊரிலேயே இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்பதற்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். மற்ற நாட்களில் காலையில் பூட்டிய கதவுகளை இருட்டிய பிறகுதான் திறப்பார்கள். நான் மதியம் போய்ச் சேரும்போது முற்றத்தில் கொடியில் காயும் துணிகளும், நிழலைத் தேடி இடம் மாறிக்கொண்டிருக்கும் ஒரு நாயும் மட்டும் இருக்கும். பக்கத்துச் சந்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓடுகிற ஓசை சுவரில் நடுங்கும். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றும் கிடையாது. மாலையில் யாராவது வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்கும்போது, அன்று மதியத்திலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். ஒரு முறை பால்காரரிடம் பேச வாயெடுத்தபோது குரல் கட்டிப்போய் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடத் தொடங்கினேன். கல்லூரியில் மதியத்துக்கு மேலும் திறந்திருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் லேப். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மாலை வரை இருக்க வேண்டும் என்பது விதி. வேலை ஒன்றும் இருக்காது என்பதால் அவர் ஒரு கட்டைப்பையில் பனியன் பீஸ்களைக் கொண்டுவந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருப்பார். நான் ஒரு கட்டு ரெக்கார்டு நோட்டுகளோடு போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுக்குப் போகலீங்களா?"

"இங்க ஃபேன் இருக்குல்லா, அதான்."

"இருங்க, இருங்க. எனக்கும் பேச்சுத் துணைங்க" என்றார். ஆனால் அவர் பேசுகிறவர் இல்லை. காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டால் உலகம் மறந்துவிடும்.

ரெக்கார்டு நோட்டுகளில் எனக்குப் பெரிய பாடாக இருந்தது வரைபடங்கள்தான். சோதனையில் கிடைத்த அளவுகளைக் கட்டத்தாளில் புள்ளிகளாக வைத்து, அவற்றின் ஊடாக ஒரு நேர்கோடு போட வேண்டும். புள்ளிகள் ஒருநாளும் ஒரே கோட்டில் வந்து நிற்பதில்லை. கை கொஞ்சம் நடுங்கியிருக்கும், வெப்பமானியைச் சரித்துப் பார்த்திருப்பார்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக, எதையும் முழுதாகத் தொடாமல் போகிற ஒரு கோடு வேண்டும். பிள்ளைகள் கோலம் போடுவது போலப் புள்ளிக்குப் புள்ளி இழுத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை எடுத்திருப்பார்கள். சரியான கோட்டைக் கண்டுபிடிக்கக் கணக்கில் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். எந்தக் கோட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை எல்லாவற்றிலும் குறைவாக வருகிறதோ அதுதான் கோடு. கால்குலேட்டரில் செய்தால் ஒரு நோட்டுக்கே ஒரு யுகம் ஆகும். எதிரில் கம்ப்யூட்டர்கள் உறை போட்டுச் சும்மா இருந்தன.

எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. லேபின் அலமாரியில் விசுவல் பேசிக் புத்தகம் ஒன்று இருந்தது. பின்னட்டை இல்லாத புத்தகம். அதை வைத்துக்கொண்டு தொடங்கினேன். நாட்கள் கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு மதியம் எண்களை அடித்துப் பட்டனை அழுத்தியபோது திரையில் புள்ளிகள் வந்தன. அவற்றின் நடுவே ஒரு கோடும் வந்தது. மேலே ஏறிப் போக வேண்டிய கோடு கீழே இறங்கிப் போயிருந்தது. கட்டத்தாளில் நாம் கீழிருந்து மேலே எண்ணுவோம், கம்ப்யூட்டர் திரை மேலிருந்து கீழே எண்ணும் என்பது எனக்குத் தெரியாது. முழுப் படமும் தலைகீழாகக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். சிரித்தபடி திரும்பிப் பார்த்தால் அக்கா காதில் ரேடியோவோடு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? கோடு தலைகீழாக வந்தது என்றா? உறையைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

கோட்டை நிமிர்த்திய பிறகு துறைத் தலைவரிடம் காட்டினேன். நல்ல மனிதர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க. ஆனா பரீட்சையில கையிலதானுங்களே போடோணும்? பசங்க இதையே நம்பிக் கெட்டுப்போயிருவாங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அதன் பிறகு நான் யாரிடமும் காட்டவில்லை. ரெக்கார்டு திருத்த நான் மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு முதலாண்டு வகுப்பில் ஒருவர் வந்து சேர்ந்தார். மற்றவர்களைவிட நாலைந்து வயது மூத்தவர். பன்னிரண்டாவது முடித்ததும் ஒரு கம்பெனியில் கட்டிங் பிரிவுக்குப் போயிருக்கிறார். அடுக்கடுக்காக விரித்த துணியை வெட்டுகிற மெஷினில் வலது கையின் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் போய்விட்டன. கையை ஆற்றிக்கொண்டு, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு, படிக்க வந்திருந்தார். அப்பா நெசவை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். அம்மா வருடம் தவறாமல் பழனிக்கு நடக்கிறவர். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

முதலில் நான் கவனித்தது ஸ்கேலைத்தான். கோடு போட ஒரு கை ஸ்கேலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பென்சிலை இழுக்க வேண்டும். அவர் வலது மணிக்கட்டால் ஸ்கேலை அழுத்துவார். பாதியில் அது நழுவிவிடும். அழித்து மறுபடி போடுவார். தாள் கிழிந்துவிடும். பக்கத்துப் பையன், "கொடுங்கண்ணா, நான் போட்டுத் தர்றேன்" என்று இழுத்தான்.

"வேண்டாஞ்சாமி. நீ போட்டா அது உன்ற கிராஃபு" என்றார் இவர்.

மற்ற மாணவர்களை நான் வா, போ என்றுதான் சொல்வேன். இவரை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. "தம்பி, காலேஜ் விட்ட பொறவு கம்ப்யூட்டர் லேபுக்கு வாங்க. ஒண்ணு காட்டுதேன்" என்றேன். பின்னாலிருந்து யாரோ "காட்டுதேன்" என்று என்னைப் போலவே சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை.

அவர் வந்து உட்கார்ந்து இடது கையால் ஒவ்வொரு எண்ணாக அடித்தார். பட்டனை அழுத்தினார். கோடு வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாருங்க மேடம் பண்ணுனது?"

"நாந்தான்."

"ஒருத்தரா உக்காந்துங்களா?"

ஆமாம் என்றேன். அவர் மறுநாள் மதியமும் வந்தார்.

அப்படித்தான் அது வழக்கமானது. மற்ற மாணவர்கள் கம்பெனிகளுக்கு ஓடிவிடுவார்கள். இவருக்கு அந்தக் கையோடு பகுதிநேர வேலை எதுவும் அமையவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா தன் மூலையில் பிசிறு வெட்ட, நாங்கள் இரண்டு நாற்காலி இடைவெளியில் உட்கார்ந்திருப்போம். அவர் எண்களைக் கொடுத்துப் பார்ப்பார், நான் சரிசெய்வேன். அவருக்குப் புரோகிராமைக் கவிழ்க்கத் தெரிந்திருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே அடிக்காமல் விடுவார். ஒரே புள்ளியை மட்டும் கொடுத்துவிட்டுக் கோடு கேட்பார். புரோகிராம் செத்து விழும்.

"கேக்கறவன் தப்பாக் கேட்டா, இது சித்த எடுத்துச் சொல்லோணுமுங்க மேடம். இப்பிடி மூஞ்சியில கதவச் சாத்தறாப்பல சாத்தப்படாது" என்பார்.

அதனால் தப்பான எண் வந்தால் ஒரு செய்தி காட்டும்படி செய்தேன். தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் வராது. ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்தோம். வாசகத்தை அவர் சொன்னார்: 'ரெண்டு ரீடிங்காச்சும் வேணுமுங்க.' அக்கா எழுந்து வந்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதென்னுங்க, மெஷினு மரியாதை குடுக்குது!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். அந்த அறையில் நான் துணையோடு சிரித்தது அதுதான் முதல் தடவை.

நேர்கோட்டோடு நிற்காமல் வளைகோடுகளுக்கும் போனோம். வெந்நீர் ஆறுவதைப் போல, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிற கோடுகள். அவருடைய அம்மா பழனி போய் வந்தால் அவர் எனக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவருவார். நான் ஊருக்குப் போய் வந்தால் சேவும் கடலைமிட்டாயும். வீட்டைப் பற்றிப் பெரிதாகப் பேசியதில்லை. ஒரு முறை மட்டும், "ஞாயித்துக்கெழமை என்னங்க மேடம் பண்ணுவீங்க?" என்று கேட்டார். "துணி துவைப்பேன்" என்றேன். "முச்சூடும் துணியேவா துவைப்பீங்க?" என்றார். நான் திரையில் ஏதோ ஒரு வரியைத் திருத்தினேன்.

மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வு நெருங்கியபோது நான் துறைத் தலைவரிடம் போய் நின்றேன். இவருக்கு மட்டும் கம்ப்யூட்டரில் கோடு போட அனுமதி வாங்க வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். பிறகு அவரே முதல்வரைப் பார்த்தார், வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் போனில் பேசினார். சரி என்று பதில் வந்தது. ஒரு கம்ப்யூட்டரை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து வைத்தோம். அலுவலகத்திலிருந்து பிரிண்டரைக் கடன் வாங்கினேன். மாதிரித் தேர்வில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அன்று வீட்டுக்கு நடக்கும்போது தெருவில் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்பதே என் நினைவில் இல்லை.

தேர்வு அன்று தேர்வாளர் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தார். ஒல்லியான, சத்தம் போடாத மனிதர். என் மாணவருக்குச் சீட்டில் விழுந்தது தெர்மிஸ்டர் சோதனை. சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சின்னப் பொருளை எண்ணெயில் மூழ்க வைத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் தடையை அளக்க வேண்டும். அவர் நிதானமாக அளந்தார். லாக் டேபிளைப் பார்த்து மடக்கை எடுத்தார். பட்டியல் போட்டார். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். என் புரோகிராமைத் திறந்தார்.

திறக்கவில்லை. சின்னதாக ஒரு பெட்டி வந்து, வேண்டிய கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. முந்தைய நாள் சர்வீஸ் ஆள் வந்து, வைரஸ் என்று எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். ஆய்வகத்தில் இருந்ததையும் விடவில்லை. அக்கா மட்டும் என் புரோகிராமை ஞாபகமாக எடுத்து வைத்து, திரும்ப அங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது ஓடுவதற்குத் துணையாக வேறு கோப்புகளும் வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

என் பையில் சிடி இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். தேர்வாளர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க தொடாதீங்க மேடம். அப்பறம் உங்களுக்கும் பேச்சு, அந்தத் தம்பிக்கும் பேச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சிடியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். இவர் திரையை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். எழுந்து தன் மேசைக்குப் போய், "சார், எனக்கொரு கிராஃப் சீட்டு வேணுமுங்க" என்றார்.

தாளின் இரு ஓரங்களிலும் தராசுத் தட்டிலிருந்து எடைக்கற்களை எடுத்து வைத்தார். ஸ்கேலின் மேல் வலது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அப்படியே படுக்க வைத்தார். உடம்பைச் சாய்த்து எடையைக் கொடுத்தார். ஸ்கேல் அசையவில்லை. இடது கையால் பென்சிலை இழுத்தார். ஒரே இழுப்பு. நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன், அவ்வளவு ஒழுங்கான கோடு. இரண்டு பக்கத்துப் புள்ளிகளுக்கும் பாரபட்சம் இல்லாமல் போயிருந்தது. அதை முதல் தடவை செய்கிறவரின் கை இல்லை அது.

தேர்வு முடிந்து கல்லூரிக்கு எதிரில் இருந்த பேக்கரிக்கு மூன்று பேருமாகப் போனோம். அக்கா, கம்ப்யூட்டரை அழிக்க விட்டது தன் தப்பு என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். அவரைத் தேற்றி, பப்ஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் இவரிடம் கேட்டேன்.

"எப்பப் பழகுனீங்க?"

"ரெண்டாம் வருசத்துலயே பழகிட்டேனுங்க மேடம். ஊட்ல, அம்மியோரத்துல தாளை வெச்சுப் போட்டுப் போட்டுப் பாத்தேன். வந்துருச்சுங்க."

"அப்பொறம் ஏன் சொல்லல?"

அவர் டீயை உடனே குடிக்கவில்லை. ஏடு படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா அந்தப் புரோகிராமை விட்டுப்போடுவீங்கன்னு நெனச்சேனுங்க."

"விட்டா என்ன?"

"மத்தியானத்துல போறக்கு எடமில்லாம இருந்தீங்க மேடம். எனக்கும் வேலை வெட்டி இல்லீங்களே. வந்து உக்காந்துட்டுப் போறதுல என்னுங்க வந்துது."

எனக்கு வந்தது கோபம். நன்றியோ நெகிழ்ச்சியோ இல்லை. சுள்ளென்று கோபம். இத்தனை நாளும் நான் அவருக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டு, அவருடைய கைக்காக என்று ஒவ்வொரு பட்டனையும் யோசித்து யோசித்து வைத்திருந்தேன். அவரோ எதிர் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு, பாவம் என்று துணைக்கு வந்திருக்கிறார். நான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்த ஒன்று மாணவர் கண்ணுக்கே அப்பட்டமாகத் தெரிந்திருக்கிறது. "சரி, நான் கெளம்புதேன்" என்று எழுந்துவிட்டேன். அவர் "மேடம்..." என்றது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

தேர்வு முடிந்த விடுமுறை. இரண்டு மாதமும் ஊருக்குப் போகாமல் அந்த அறையிலேயே இருந்தேன். முதலில் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் பொழுது போயிற்று. பிறகு அதுவும் ஆறிவிட்டது. ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிதர் எந்தத் தேவையும் இல்லாமல், வெயிலில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டிய நேரத்தில், என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒன்றிரண்டு நாள் இல்லை. இரண்டாம் ஆண்டு முழுவதும், மூன்றாம் ஆண்டு முழுவதும். அப்படி என்னோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சொந்தத்தில்கூட யாரும் நினைவுக்கு வரவில்லை.

தேர்வு முடிவு வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். வீடு எங்கே என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா சின்ன உருவம். நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு ஸ்டவ், புத்தகங்கள்.

"நீங்க ஒருத்தரேதானுங்களா கண்ணு இருக்கறது?" என்றார்.

"ஆமாங்க."

"என்ற பையன் சொன்னானுங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நான் ஸ்டவ்வைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டேன். டீ கொதித்து முடிக்கும்வரை திரும்பவில்லை.

அவருக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரைத் தாண்டி ஒரு சாயப் பட்டறையின் லேபில் வேலை கிடைத்திருந்தது. துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சின்னத் துண்டுகளில் போட்டுப் பார்க்கிற இடம். அவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் கல்லூரிக்குப் போன் வந்தது.

"மேடம், நம்ம புரோகிராம்ல ஒண்ணு சேக்கோணுமுங்க. சாயத்தைக் கூட்டக் கூட்டக் கலர் ஏறுதுங்க. அப்பறம் ஒரு மட்டத்துக்கு மேல எவ்வளவு கொட்டுனாலும் ஏற மாட்டேங்குது, படுத்துக்குது. அந்தக் கோடு நம்மகிட்ட இல்லீங்க."

நான் கேட்டேவிட்டேன்: "தம்பி, இது நெசமா வேணுமா, இல்ல எனக்காகச் சொல்லுதீங்களா?"

அந்தப் பக்கம் பெரிதாகச் சிரிப்பு கேட்டது. "இல்லீங்க மேடம். இது நெசமாவே வேணுமுங்க. மேனேஜரு திட்டறாருங்க."

அந்தக் கோட்டுக்கு நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. நேர்கோட்டைப் போல ஒரே கணக்கில் அது வராது. முதலில் தோராயமாக ஒரு விடையைக் கொடுத்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய்ச் சரியான இடத்தைத் தொட வேண்டும். தொடக்கம் மோசமாக இருந்தால் எங்கோ ஓடிவிடும். கல்லூரி லேபில் இப்போது மதியமும் ஏதோ ஒரு டிப்ளமோ வகுப்பு வைத்துவிட்டதால் நான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அறையில் வைத்துக்கொண்டேன். பாயில் உட்கார்ந்து, புத்தக அடுக்கின் மேல் கீபோர்டை வைத்து எழுதினேன். முடித்து, சிடியில் போட்டு, மூன்று பஸ் மாறி அந்தப் பட்டறைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஆவியும் மருந்து நெடியும் மூக்கில் அடித்தன. லேப் என்பது கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சின்ன அறை. மேசையில் நீலத்தின் எத்தனையோ படிகளில் துணித் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவர் எண்களை அடித்தார். கோடு ஏறி, வளைந்து, படுத்தது. புள்ளிகள் எல்லாம் அதையொட்டியே இருந்தன.

பக்கத்தில் நின்ற மேனேஜர், "இதெங்கங்க வாங்குனது?" என்றார்.

"எங்க மேடம் பண்ணுனதுங்க" என்றார் அவர்.

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காபி சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டு வந்ததுகூடத் தெரியவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேல் அந்தப் புரோகிராம் அங்கே ஓடியது. எப்போதாவது போன் வரும். ஏதாவது கேட்பார், செய்து கொடுப்பேன். பிறகு பட்டறையில் நிறத்தைத் தானே அளந்து கலவையையும் தானே சொல்கிற பெரிய மெஷின் ஒன்றை வாங்கினார்கள். அதனுடனே சாஃப்ட்வேரும் வந்தது. அதைச் சொல்லவும் அவர்தான் போன் செய்தார்.

"உங்களுதை அழிக்கலீங்க மேடம். ஓரமா இருக்குதுங்க."

"பரவால்ல தம்பி. அழிச்சாலும் ஒண்ணுமில்ல" என்றேன். கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொன்னார். கண்டிப்பாக வர வேண்டும் என்றார். போனேன். கோயில் மண்டபத்தில் கூட்டம் நெருக்கியது. தூரத்திலிருந்து கையசைத்தார். அக்காவும் வந்திருந்தார், சாப்பிட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே திரும்பினோம். அதற்குப் பிறகு போன்கள் குறைந்தன. பிறகு நின்றன. அதில் யார் மேலும் குறை இல்லை. ஆளுக்கு ஒரு வீடும் வேலையும் வந்துவிட்டால் அப்படித்தான்.

இன்னும் கொஞ்ச காலம் அந்த அறையில் இருந்தேன். யாரும் கேட்காமலே இன்னும் சில வளைகோடுகளைச் சேர்த்தேன். சேர்த்ததை யாரும் பார்க்கவில்லை. மதியங்கள் பழையபடி நீண்டன. ஆனால் அவற்றைப் பார்த்து முன்பு போலப் பயம் வரவில்லை. சில நாள் கம்ப்யூட்டரைத் திறக்காமல் வெறுமனே படுத்து, நிட்டிங் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஊர்ப்பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து நான் கிளம்பியது ஒரு தீபாவளிக்கு முன்னால். கம்பெனிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டிருந்தார்கள். பழைய பஸ் நிலையம் முழுவதும் எங்கள் ஊர்ப் பேச்சாக இருந்தது. பிளாஸ்டிக் பைகள், பட்டாசு, தூங்கி வழிகிற பிள்ளைகள். மற்ற சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் லாரிக்காரரை நம்பாமல் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுள்ள ஒரு பெண். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாளாம், சாத்தூருக்குப் போகிறாள்.

"என்னக்கா மடியில, டிவியா?"

"இல்ல, கம்ப்யூட்டரு."

"இத வச்சு என்ன செய்வீய?"

நான் சொல்லத் தொடங்கினேன். புள்ளிகளைப் பற்றி, கோட்டைப் பற்றி, விரல் இல்லாத ஒருவர் கோடு போட வந்ததைப் பற்றி, அவர் ஏற்கெனவே பழகிக்கொண்டும் சொல்லாமல் இருந்ததைப் பற்றி. யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. தாராபுரம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பெண் நடுநடுவே "ம்" கொட்டினாள். ஓரிடத்தில் "நல்ல பிள்ளை" என்றாள். பிறகு "ம்" வருவது நின்றது. பார்த்தால் தூங்கிப்போயிருந்தாள். ஒரு வாரம் இரண்டு ஷிப்டு பார்த்ததாக ஏறும்போதே சொல்லியிருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் தலை என் தோளில் வந்து இடித்தது. நான் பெட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி, அவள் தலை நிற்பதற்குத் தோதாகத் தோளைச் சாய்த்துக்கொண்டேன்.